பழைய துவிச்சக்கர வண்டிக்குப் புதுப்பூச்சு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது தமிழர் வழக்கிலுள்ள பழமொழி. பழைய துவிச்சக்கர வண்டியொன்றுக்கு வர்ணம் பூசப் புகும் ஒருவர் இப்பழமொழியை முதலில் நினைத்துக்கொள்ளுதல் நன்று. வண்டியின் சட்டமே சுவர். அதன்மேற் பூசும் வர்ணம் சித்திரம். சித்திரம் மங்கினால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். சுவர் இற்றுப்போனால் எழுதுவதற்கு இடமில்லை. ஆயினும், வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோருட் பலர் முதலிற் கேட்பது எந்த நிறம் பூசலாம் என்பதே. இந்த இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி அதற்கு முன்னர் எழவேண்டும். அக்கேள்வியைக் கேட்டு விடை கண்டபின் பூசும் பூச்சுப் பல்லாண்டு நிற்கும். கேளாது பூசும் பூச்சு அடுத்த மாரிக்கு முன்னரே கொப்புளித்து உரியும்.

இன்று நாம் காணும் துவிச்சக்கர வண்டியின் உருவம் மிகப் பழையதன்று. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் 1885 ஆம் ஆண்டில் ‘றோவர்’ என்ற வண்டியை வெளியிட்டார். ஒத்த அளவுடைய இரு சில்லுகளும், பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் முறையும் அதனாற் பரவின. அடுத்த சில ஆண்டுகளுக்குள், சாய்சதுர வடிவான சட்டம் நிலைபெற்றது. மேற்குழாய், கீழ்க்குழாய், இருக்கைக் குழாய், தலைக்குழாய், பின்சில்லைத் தாங்கும் இரட்டைக் கால்கள் என்பன சேர்ந்ததே அச்சட்டம். எஃகுக் குழாய்களை மூட்டு உறைகளுக்குட் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பொருத்துவது பழைய முறை. குழாயின் சுவரோ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஓர் ஆளையும் அவர் ஏற்றிய மூட்டையையும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் சுமக்கும் சட்டத்தின் வலிமை முழுவதும் அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கியிருக்கிறது. அதனைக் காப்பதற்கென ஏற்பட்டதே வர்ணம். அழகு அதனோடு கூடி வருவது.

இலங்கையில், சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டில், இவ்வண்டி பொழுதுபோக்குக்குரிய பொருளாக இருந்ததில்லை. 1990 ஆம் ஆண்டிலிருந்து வட பகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்ட காலத்தில், பாடசாலைக்கும் வயலுக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் மக்களைக் கொண்டுசென்றது துவிச்சக்கர வண்டியே. 1995 ஒக்ரோபர் மாத இறுதியில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்விற் பல குடும்பங்களின் உடைமைகள் அதன் கரியரிலும் கைபிடியிலும் தொங்கிச் சென்றன. 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றபோது, கோடிப்புறத்திலும் கொட்டிலிலும் சாய்த்து வைத்திருந்த பழைய வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. அவ்வாறு வந்தவற்றுட் பலவற்றின் சக்கரமும் சங்கிலியும் மாற்றக்கூடியனவாக இருந்தன. சட்டமோ கறள் பிடித்திருந்தது. உறுப்புகள் யாவற்றையும் கடையில் வாங்கலாம். சட்டம் போனால் வண்டியே போயிற்று. ஆகவே அதனைக் காக்கும் முறையை அறிந்திருத்தல் ஒவ்வொரு வீட்டுக்கும் பயன் தருவது.

கறள் எனினும் துரு எனினும் ஒன்றே. இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்து அது தோன்றும். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் துரு உண்டாகாது. வர்ணம் செய்யும் வேலை, நீரையும் காற்றையும் இரும்பை அணுகவிடாது தடுப்பதாகும். உப்புச் சேர்ந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதனால் அரிப்பு விரைவுபடும். கடற்காற்று வீசும் ஊர்களில் வண்டிகள் உள்நாட்டு வண்டிகளிலும் விரைவாகத் துருப்பிடிப்பது இதனாலேயே. மேலும், துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். பூச்சின்கீழ் ஒரு பொட்டளவு துரு விடப்பட்டாலும் அது பருத்து, மேலுள்ள வர்ணத்தைத் தூக்கும். தூக்கிய இடத்தில் வெடிப்பு விழும். வெடிப்பினூடே நீர் புகும். புகுந்த நீர் மேலும் துருவை வளர்க்கும். துருவின்மேற் பூசிய வர்ணம் நிலைக்காமைக்கு இதுவே காரணம்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை முழுவதுமாகக் கழற்றுதல் வேண்டும். சில்லுகளை மட்டும் எடுத்துவிட்டு, எஞ்சியவற்றின்மேற் கடதாசி சுற்றிப் பூசுவோர் உளர். அவர்கள் விட்டுவிடும் மூலைகளிலேதான் துரு குடியிருக்கும். கழற்றும்போது ஒவ்வொரு நிலையையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் நேராது. இரண்டு இடங்களில் மாத்திரம் மரை தலைகீழாக ஓடும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று இடப்பக்க மிதி. மற்றது, ஆங்கில முறையிலமைந்த வண்டிகளில் நடு அச்சின் வலப்பக்கக் கிண்ணம். இவ்விரண்டும் வலஞ்சுழியாகத் திருப்பினாற் கழலும். இதனை அறியாது பலங்கொண்ட மட்டும் எதிர்ப்புறம் திருகி மரையை அழித்தவர் பலர். மிதித்தண்டைப் பிணைக்கும் கொட்டர் ஆணியை அடித்துக் கழற்றுமிடத்து, தண்டின்கீழ் ஒரு மரக்குற்றியை முண்டு கொடுத்தல் வேண்டும். இல்லையேல் அடியின் வேகம் நடு அச்சின் குண்டுகளைத் தாக்கி, கிண்ணத்திற் பள்ளம் விழச்செய்யும். எஃகுக் குண்டுகளை, எடுத்த இடம் எழுதிய தனித்தனிச் சிமிழ்களில் மண்ணெண்ணெயில் இட்டு வைத்தல் நன்று.

சட்டம் வெறுமையாகியதும் அதனைச் சோதித்தல் வேண்டும். வண்டியின் வாழ்நாளில் அதன் உடல் முழுவதையும் ஒருவர் காணக் கிடைக்கும் வேளை இதுவே. புதுவர்ணம் ஏறிய பின்னர் வெடிப்பு மறைந்துவிடும். மறைந்த வெடிப்பு ஓடும் வழியில் வாய் திறக்கும். தலைக்குழாயோடு கீழ்க்குழாய் கூடும் இடம், நடு அச்சுக் கூட்டைச் சுற்றிய மூட்டுகள், பின் அச்சைத் தாங்கும் தகடுகள், முன்கவையின் தோள் ஆகிய நான்கு இடங்களையும் மண்ணெண்ணெயாற் கழுவி, நல்ல வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். மயிரிழை போன்ற நேர்க்கோடொன்றில் துரு கசிந்திருந்தால், அது வெறுங் கீறலா வெடிப்பா என்று அவ்விடத்தை உலோகம் தெரியத் தேய்த்து அறியவேண்டும். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, மேற்குழாயின் அடிப்பக்கத்திலும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்திலும் விரலாற் தடவிப்பார்க்கச் சிறு மடிப்பு உணரப்பட்டால், அவ்வண்டி ஒருமுறை முன்பக்கமாக மோதுண்டது என்பது பொருள்.

சட்டம் நேராக இருக்கின்றதா என்பதை ஒரு நூலைக்கொண்டே அறியலாம். பின் அச்சுத் தகட்டின் வலப்பக்கத்தில் நூலைக் கட்டி, அதனை முன்னே கொண்டுசென்று தலைக்குழாயைச் சுற்றி, திரும்ப இடப்பக்கத் தகட்டில் இறுகக் கட்டவேண்டும். நூல் இருக்கைக் குழாயின் இருபுறமும் செல்லும். இருபுறத்திலும் நூலுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வெளியை அளந்தால், அளவுகள் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடிற் சட்டம் ஒருபக்கம் வளைந்திருக்கிறது. குழாய்களின் தடிப்பை அறிய ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டு செல்லலாம். ஒலி கணீரென்று கேட்டவிடம் நல்லது. மந்தமாகக் கேட்டவிடத்தைக் கூரிய ஆணியின் முனையால் அழுத்திப் பார்க்கவேண்டும். முனை உள்ளே இறங்கினால், அங்கு இரும்பு உள்ளிருந்தே தின்னப்பட்டிருக்கிறது. வெடித்த சட்டத்துக்கும் இற்ற சட்டத்துக்கும் வர்ணம் மருந்தாகாது. அதனை ஒட்டுவேலை அறிந்த தொழிலாளரிடம் காட்டுதலே முறை. அவர் பயன்படாது என்று கூறினால், அச்சொல்லை ஏற்றுக்கொள்வது உயிருக்கு நன்மை.

சட்டம் தேறியதெனக் கண்டபின், பழைய பூச்சை என்செய்வது என்ற கேள்வி எழும். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டுமென்று பலர் கருதுவர். அது எப்போதும் வேண்டுவதன்று. பழைய ஆங்கில வண்டிகளின் கறுப்பு எனாமல், தொழிற்சாலை உலையில் வைத்துச் சுடப்பட்டது. அதன்கீழ் உலோகத்துக்குப் பொசுபேற்றுப் பாதுகாப்பு அளிக்கப்பட்ட வண்டிகளும் உண்டு. பேமிங்ஹாம் நகரைச் சேர்ந்த தோமஸ் வாட்ஸ் கொஸ்லெற் என்பவர் 1906 ஆம் ஆண்டில் இப்பொசுபேற்று முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது விரைவில் துவிச்சக்கர வண்டித் தொழிலிலும் புகுந்தது. அத்தகைய பூச்சு எங்கே இறுகப் பற்றியிருக்கிறதோ, அங்கே அதனைவிடச் சிறந்த அடித்தளத்தை வீட்டில் ஒருவராற் செய்யமுடியாது. ஆகவே உறுதியான பகுதிகளை அரத்தாளால் மினுக்கம் போகுமளவு மட்டும் தேய்த்து, கொப்புளித்தனவும் உரிந்தனவுமான பகுதிகளை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டுதல் போதும். சுரண்டிய இடத்தின் விளிம்பை விரலுக்குத் தட்டுப்படாதபடி சாய்வாகத் தேய்த்துவிடுதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். முற்காலத்தில் இரும்புக்கு அடிப்பூச்சாகப் பெருவழக்கிலிருந்த செந்நிறப் பொடி ஈயத்தின் ஒட்சைட்டே. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் 1978 ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. இலங்கையில் வர்ணங்களிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு 2013 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வண்டியொன்றைத் தேய்க்கும்போது எழும் தூசியை ஐயத்துக்குரியதாகவே கொள்ளவேண்டும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஏற்பட்ட கேட்டை மீட்பதற்கு மருந்தில்லை. ஆதலின் உலர்ந்த நிலையிற் தேய்த்தலாகாது. நீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாளையே பயன்படுத்தல் வேண்டும். தீயினாற் பொசுக்கி உரித்தலும் ஆகாது. அதனால் ஈயம் புகையாகும். வாயையும் மூக்கையும் தகுந்த கவசத்தால் மூடி, குழந்தைகளை அவ்விடத்துக்கு வரவிடாது, வேலை முடிந்தபின் உடையைத் தனியாகத் துவைத்தல் வேண்டும்.

வண்டி கழுவும் வழக்கமான இடம் கிணற்றடி என்பதனால், இவ்வேலையையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அது பெருந்தவறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லாலானது. மேலே ஊற்றியது அக்கல்லின் வெடிப்புகளினூடே நேரே குடிநீருக்குச் செல்லும். நிலத்தில் விரிப்பொன்றைப் பரப்பி, அதன்மேல் வேலை செய்து, சேர்ந்த சேற்றைப் பழந்துணியால் துடைத்தெடுத்து, பையிற் கட்டி அகற்றுதலே பொறுப்புள்ளோர் செயல்.

அடுத்தது துருவை நீக்குதல். கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் முதலிற் தேய்த்து, தளர்ந்த துரு யாவற்றையும் அகற்றவேண்டும். குழிகளுக்குள் எஞ்சிய துருவுக்குப் பொசுபோரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றிகள் கடைகளிற் கிடைக்கும். அவை செந்நிறத் துருவைக் கருமையான இரும்புப் பொசுபேற்றாக மாற்றிவிடும். கையுறை அணிந்து, கொள்கலத்திற் குறித்தபடி பூசிக் கழுவுதல் போதும். வெண்கலப் பாத்திரத்தைப் புளியால் விளக்கும் இல்லத்தரசியர் அறிந்ததுபோல, புளிப்புப் பொருள் உலோகத்தின் களிம்பைக் கரைக்கும். வினாகிரியும் எலுமிச்சஞ் சாறும் இரும்பின் துருவையும் அவ்வாறே கரைக்கும். ஆனால் துரு கரைந்தபின்னும் அங்கே விடப்பட்டால் அவை நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். ஆகவே அப்பச்சோடாக் கரைத்த நீராற் கழுவி, உடனே உலர்த்துதல் வேண்டும். மலசலகூடம் கழுவும் ஐதரோக்குளோரிக் அமிலத்தை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. அதன் குளோரைட்டு மூட்டு உறைகளுக்குட் புகுந்து ஒளிந்து, பூச்சு முடிந்தபின் உள்ளிருந்து அரிக்கும்.

துரு நீங்கிய இரும்பு பார்வைக்குத் தூய்மையாயிருக்கும். எனினும் அதில் இரண்டு பகைகள் எஞ்சியிருக்கும். ஒன்று எண்ணெய், மற்றது வியர்வை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் ஒருமுறை தொட்டாலும் அவ்விடத்தில் வர்ணம் பற்றாது. வியர்வையிலுள்ள உப்போ, பூச்சின்கீழ் விரல் அடையாளத்தின் வடிவிலேயே துருவை எழுப்பும். சவர்க்கார நீராற் கழுவி உலர்த்தியபின், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்தல் வேண்டும். துணியில் அழுக்கு ஏறாத வரையிற் துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அதன்பின் சட்டத்தைக் கையுறையோடு மட்டுமே தொடுதல் முறை.

பூசும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் வேலையின் ஒரு பகுதியே. வாடைக்காற்றோடு மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு உகந்தவையல்ல. சோளகக்காற்று வலுத்து வீசும் நாட்களிற் புழுதியும் உப்பும் ஈரப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும். மாசி, பங்குனி மாதங்களின் அமைதியான நாட்களே சிறந்தவை. அந்நாட்களிலும் விடியற்காலையில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிநீர் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 85 வீதத்துக்குக் குறைவாகவும், இரும்பின் வெப்பநிலை பனி படியும் நிலையைவிட 3 பாகை செல்சியசாவது கூடுதலாகவும் இருத்தல் வேண்டும் என்பது இரும்புப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் வர்ணம் பூசுவோர் கைக்கொள்ளும் விதி. வீட்டில் அதன் பொருள், வெயில் ஏறியபின் காலை ஒன்பது மணிக்கு மேற் தொடங்குவதும், பிற்பகலில் நிறுத்திவிடுவதுமாகும். வெயிலிலும் பூசலாகாது. சூடேறிய இரும்பிற் பூச்சின் மேற்பரப்பு மட்டும் விரைந்து காய்ந்து சுருங்கும். காற்றோட்டமுள்ள நிழலே தகுந்த இடம்.

பூசுமுன் மறைக்கவேண்டியவற்றை மறைத்துவிடுதல் வேண்டும். மரைகள், குண்டுகள் ஓடும் கிண்ணங்கள், முன்கவைத் தண்டு, முகப்பு இலச்சினை என்பவற்றை ஒட்டுநாடாவாலும் சுருட்டிய கடதாசியாலும் மூடலாம். இருக்கைக் குழாயின் மேல்மூட்டிலோ நடு அச்சுக் கூட்டின் அடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும் சட்ட இலக்கம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. வண்டி களவு போனால் உரிமையை மெய்ப்பிக்கும் சான்று அதுவே. அதனைத் தேய்த்து அழித்தலும் தடித்த பூச்சால் அடைத்தலும் ஆகா. இலக்கத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுதலும் வேண்டும். நடு அச்சுக் கூட்டின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருப்பின், அதனையும் வர்ணத்தால் அடைத்துவிடாது காக்கவேண்டும்.

வெறும் இரும்பு தெரியும் எந்தப் பகுதிக்கும் அன்றைய தினமே அடிப்பூச்சு ஏறவேண்டும். கடலோர ஊரில் ஓரிரவு திறந்து கிடந்த இரும்பு விடியும்போது செம்மை பூத்திருக்கும். அடிப்பூச்சின் பணி இரண்டு. மேற்பூச்சு இரும்பைப் பற்றுவதற்கு அது துணைசெய்யும். தன்னிடமுள்ள காப்புப் பொருளால் அரிப்பையும் தடுக்கும். முன்னர் ஈயம் செய்த அப்பணியை இப்போது நாகப் பொசுபேற்றுச் செய்கிறது. கடைகளில் ‘ரெட் ஒக்சைட்’ என்று விற்கப்படும் செந்நிற அடிப்பூச்சின் நிறம் இரும்பு ஒட்சைட்டினால் ஆனது. அதன் பெயரையும் நிறத்தையும் பார்த்து அதனை ஈயப் பூச்சென்று மயங்கவேண்டியதில்லை. இரு மெல்லிய அடிப்பூச்சுகள் போதும். அடிப்பூச்சு நுண்துளைகள் உடையது. நிறப்பூச்சுக்கு நேரமில்லையென்று அடிப்பூச்சோடு வண்டியை மாரிக்குள் ஓட்டினால் நீர் உள்ளே இறங்கிவிடும்.

நிறப்பூச்சுக்கு எவ்வளவு வர்ணம் வேண்டும் என்று கணக்கிடுவோர் பெரும்பாலும் மிகுதியாகவே வாங்குவர். சாதாரண ஆண்கள் சட்டம் ஒன்றினதும் அதன் முன்கவையினதும் மேற்பரப்பு யாவும் சேர்ந்து அரைச் சதுர மீற்றருக்குட்பட்டதே. ஒரு லீற்றர் எனாமல் ஏறத்தாழப் பத்துச் சதுர மீற்றர் பரப்பை மூடும். ஆகவே மூன்று பூச்சுகளுக்கும் 200 மில்லிலீற்றர் தாராளமாகப் போதும். தூரிகையாற் பூசினாலும் விசிறிக் குப்பியாற் பூசினாலும் விதி ஒன்றே: மெல்லிதாகப் பலமுறை பூசவேண்டும். சாதாரண எனாமல், நீர் உலர்வதுபோல் வெறுமனே உலர்வதில்லை. கரைப்பான் ஆவியாய்ப் போனபின், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் காற்றிலிருந்து ஒட்சிசனை ஏற்று மெல்ல இறுகும். தடிப்பாகப் பூசினால் மேற்தோல் முதலில் இறுகி, காற்றை உள்ளே விடாது தடுக்கும். அடிப்பாகம் நெடுநாள் களிபோல் இருந்து, சிறு அழுத்தத்துக்கும் நசியும்.

சட்டத்தைத் தலைக்குழாயினூடே கயிறு கோத்துத் தொங்கவிட்டுப் பூசுதல் வசதியானது. மூட்டுகளையும் மூலைகளையும் முதலிற் பூசி, பின்னர் நீண்ட குழாய்களுக்கு வருதல் வேண்டும். ஒரு குழாயை ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். நடுவில் விட்டுச் சென்று திரும்பினால் தூரிகைத் தடம் தெரியும். பூசிய பத்து நிமிடத்துக்குள் குழாய்களின் அடிப்பக்கத்தைப் பார்த்து, அங்கே திரண்டு தொங்கும் துளிகளைத் தூரிகை முனையால் எடுத்துவிடுதல் நன்று. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே கொள்கலத்திற் குறித்த நேரம் காத்திருந்து, 400 அல்லது 600 இலக்க அரத்தாளால் நீர் தொட்டு மெல்லத் தேய்த்துத் துடைத்து, அடுத்த பூச்சுக்குச் செல்லவேண்டும். நன்கு இறுகாத எனாமலின்மேல், கடுமையான தின்னர் சேர்ந்த வேறுவகை வர்ணத்தைப் பூசினால், அடியிலுள்ளது சுருண்டு எழும்பும். ஆகையால் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேல்மினுக்கு ஆகிய யாவும் ஒரே வகையினவாக இருத்தல் பாதுகாப்பானது. ஐயமிருப்பின் மறைவானதோர் இடத்திற் சிறிது பூசிப் பார்க்கலாம். மோட்டார் வாகனங்களுக்கு இறுக்கி கலந்து விசிறும் இருபொருள் வர்ணங்களை வீட்டில் விசிறுதல் தகாது. அவற்றின் ஐசோசயனேற்று நுண்துளிகள் சுவாசப்பையைத் தாக்கித் தீராத தொய்வை உண்டாக்கக் கூடியன. அவை தக்க கவசமுள்ள தொழிலாளருக்கே உரியன.

குழாய்களின் வெளிப்புறத்தை இவ்வளவு கவனித்தவர், உட்புறத்தை மறத்தல் இயல்பு. மழைநீர் இருக்கைக் குழாயின் வாய்வழியே இறங்கி, நடு அச்சுக் கூட்டிற் தேங்கும். பல சட்டங்கள் இற்றுப்போவது அவ்வாறே. வர்ணம் இறுகியபின், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சிறிது குழாய்களுக்குள் ஊற்றி, சட்டத்தை எல்லாப் பக்கமும் சரித்து, மிகுதியை வடியவிட்டால், அது உள்ளே காய்ந்து மெல்லிய தோலாகப் படியும். தேங்காய் எண்ணெய் அவ்வாறு காய்ந்து தோலாவதில்லை. ஆதலின் அது இதற்குப் பயன்படாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. எண்ணெய் ஒட்சிசனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கும்; சுருண்ட துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பற்றும். அதனை வெளியில் விரித்துக் காயவிடுதலோ நீரில் அமிழ்த்தி வைத்தலோ வேண்டும்.

இனி எஞ்சுவது பொறுமை. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வரும். இறுகிய நிலைக்கு வாரங்கள் செல்லும். அந்த இடைவெளியிலேதான் நல்ல வேலைகள் கெடுகின்றன. பூசிய மறுநாளே பூட்டினால், பம் தாங்கியும் விளக்குத் தாங்கியும் நெரித்த இடமெல்லாம் வர்ணம் பிதுங்கி, இரும்பு வெளித்தெரியும். இரண்டு வாரமாவது விட்டு, பின்னர் குண்டுகளைப் புதிய கிறீஸில் அமைத்து, தாங்கிகளின்கீழ்ப் பழைய ரியூப்பில் வெட்டிய இறப்பர்த் துண்டுகளை வைத்துப் பூட்டுதல் நன்று. இருக்கைத் தண்டுக்குக் கிறீஸ் பூசிச் செருகினால், அது குழாயோடு துருவால் ஒட்டிப்போகாது. ஒரு மாதம் சென்றபின் மெழுகு பூசித் துடைக்கலாம். கடற்கரை வீதியில் ஓடிவந்த நாளில் நன்னீராற் துடைத்து உலர்த்துவதும், எங்காவது கீறல் விழுந்தால் அன்றே ஒரு பொட்டு அடிப்பூச்சு வைப்பதும் சட்டத்தின் ஆயுளைக் கூட்டும்.

முடிந்த வேலையைக் காண வருவோர் நிறத்தையே பார்ப்பர், மினுக்கத்தையே புகழ்வர். நூலால் அளந்ததும், மூட்டுகளில் வெடிப்புத் தேடியதும், துருவைக் குழிக்குழியாக நீக்கியதும், வெயில் ஏறும்வரை காத்திருந்ததும் ஒருவர் கண்ணுக்கும் தெரியமாட்டா. ஆனால் அடுத்த மாரி வந்து போகும்போது அவை தெரியும். அயல்வீட்டு வண்டியின் பூச்சுக் கொப்புளித்து நிற்க, இவ்வண்டியின் பூச்சு அசையாது நிற்கும். அவ்வண்டியிற் பிள்ளையை ஏற்றிப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்க்கு, அதன் நிறம் என்ன என்பது பெரிதன்று. அது பாதி வழியில் முறியாது என்பதே பெரிது. அந்த நம்பிக்கையைத் தருவது, சித்திரத்துக்கு முன்னே சுவரைக் கவனித்த கையின் உழைப்பேயாகும்.